டோர் தெரு வண்டியில் போன ரொட்டி

டோலிடோ,
17 பிப்ரவரி 1991

அன்புள்ள மச்சான் ஹோசியாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் ஜெனீவாவும் இங்கே சுகம். நீயும் மேவிஸும் சுகமாக இருக்க வேண்டுமென்று சபையில் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் ஃபோன் செய்தபோது மேவிஸ்தான் எடுத்தாள். "அவருக்கு ஃபோன்ல ஒண்ணும் கேக்கறதில்ல, துறைமுகத்துல கிரேன் சத்தம் காதைத் தின்னுடுச்சு, எழுதிப் போடுங்க, உக்காந்து படிப்பாரு" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம். கிறிஸ்துமஸ் வாழ்த்தின் அடியில் பெயர் எழுதுவதைத் தவிர நாம் எழுதிக்கொண்டே பல வருஷம் ஆகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். லக்ராஞ்ச் தெருவில் கார்லா ஷிமான்ஸ்கி என்ற பெண் பழைய விளையாட்டுக் கார்டுகள் விற்கும் கடை வைத்திருக்கிறாள். ஆராதனை முடிந்து வெளியே வந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நம் பைலட்ஸ் கூடைப்பந்து அணி ஆட்டக்காரர்களின் படம் போட்டு, ஹாலரன் பேக்கரிக்காரன் ரொட்டி பாக்கெட்டுக்குள் ஒரு கார்டு வைத்துக் கொடுத்தானே, அதை இப்போது ஊர் ஊராகத் தேடுகிறார்களாம். அணி போயிற்று, அந்த லீக் போயிற்று, பேக்கரியும் போயிற்று. ரொட்டிக்குள் இருந்த கார்டு மட்டும் நிற்கிறது.

உடனே எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது. என் கார்டு என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டேன். "உங்க கார்டா மிஸ்டர் கிரிம்ஸ்? ஒரு பெட்டி நிறையக் கிடக்கு. சும்மா குடுத்தாலும் வேண்டாங்கறாங்க. ஹோசியா டில்லார்ட் கார்டு எங்கயாவது இருந்தாச் சொல்லுங்க, இந்தப் பனியில நடந்தே வருவேன்" என்றாள். ஆமாம் மச்சான், எல்லாவற்றிலும் அரிதானது உன் கார்டுதான். பாதி சீசனில் உன்னை அணி விட்டுவிட்டதும் பேக்கரி உன் கார்டை நிறுத்திவிட்டது இல்லையா, அதனால்தான். ஐந்து வருஷம் வியர்வை சிந்தி ஆடிய என்னை நாய்கூடச் சீந்தவில்லை. பாதியில் போன உனக்குக் கிராக்கி.

செப்டம்பரில் நகர நூலகத்தில் முழு செட்டையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறாள். உயிரோடு இருக்கிற ஆட்டக்காரர்கள் எல்லோரும் வர வேண்டுமாம். நீயும் வா. எங்கள் வீட்டிலேயே தங்கலாம். இதை நான் எழுதும்போது ஜெனீவா ஈரக் கையோடு கதவருகே நிற்கிறாள். ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். "விசாரிச்சதா எழுது" என்றாள்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை வார்டெல்


டகோமா,
10 மார்ச் 1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே மழை. நான் சுகம், மேவிஸ் சுகம். காது மட்டும் எனக்கு முன்னால் ஓய்வு பெற்றுவிட்டது. எதிரே உட்கார்ந்து பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். உன் வாய் மீசைக்குள் இருக்கிறது என்று மேவிஸ் சொன்னாள். ஆகவே நீ எழுதுவதே நல்லது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். அந்தக் கார்டின் பின்பக்கம் என்ன அச்சடித்திருந்தான் என்று ஞாபகம் இருக்கிறதா? "பொழுதுபோக்கு: மீன் பிடித்தல்." பத்திரிகைக்காரன் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவனாகவே எழுதிக்கொண்டான். அப்போது எனக்குத் தூண்டிலில் புழு மாட்டக்கூடத் தெரியாது. கடலோரத்தில் இருபது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் தெரியாது.

நான் வரவில்லை. கோபமாக எடுத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் வருத்தம் இருந்ததில்லை. நம் இருவரில் ஒருவன் போதும் என்றார் பயிற்சியாளர். நீ விழுந்து புரண்டு தடுப்பாய். நான் பந்தை எறிந்துவிட்டு அது போகிற அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் பயிற்சியாளராக இருந்தாலும் உன்னைத்தான் வைத்துக்கொண்டிருப்பேன். துறைமுகத்தில் என்னோடு இருப்பவர்களுக்கு நான் ஆடியவன் என்பதே தெரியாது. அப்படியே இருக்கட்டும். வேண்டாமென்று எடுத்து வீசிய முகத்தை இப்போது கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள் என்றால், பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு நான் எதற்கு?

ஜெனீவாவை விசாரித்ததாகச் சொல்.

உன் மச்சான் ஹோசியா


டோலிடோ,
24 மார்ச் 1991

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. நாங்கள் சுகம். மீசையைக் குறைத்துவிட்டேன் என்று மேவிஸிடம் சொல்.

உன் கடிதத்தை மேசைமேல் வைத்திருந்தேன். ஜெனீவா எடுத்துப் படித்திருக்கிறாள். கேட்டால் இல்லை என்கிறாள். ஆனால் நேற்று மீன் கழுவும்போது தானாகச் சிரித்துக்கொண்டாள். என்னவென்று கேட்டதற்கு, "புழு மாட்டத் தெரியாதாம்" என்றாள்.

கார்லா மறுபடி வந்தாள். அவளுக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லையாம். இதுவரை கிடைத்த உன் கார்டுகள் யார் யார் வீட்டிலிருந்து வந்தன என்று விசாரித்துப் பார்த்திருக்கிறாள். ஏறக்குறைய எல்லாமே டோர் தெருவையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் சேர்ந்தவர்களுடையது. நம் கறுப்பு ஜனங்கள். போலந்துக்காரர் தெருவிலிருந்தோ ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்தோ ஒன்றும் இல்லை. அது மட்டுமில்லை, முடிதிருத்துகிற ப்ரூயிட்டின் மனைவி ஒடெஸா தனக்கு அந்தக் கார்டு ஈஸ்டர் ரொட்டியில் கிடைத்ததாகச் சாதிக்கிறாள். உன்னை அனுப்பியது ஜனவரியில். உன் கார்டு அச்சாகி வந்ததே அந்த வாரம்தான், பேக்கரி அன்றைக்கே அதை நிறுத்திவிட்டது. அப்புறம் ஈஸ்டருக்கு எப்படி வந்தது? "உங்க மனைவி அங்கதானே வேலை செஞ்சாங்க, கேட்டுப் பாருங்களேன்" என்றாள் கார்லா. கேட்டேன். "வீட்ல சோப்பு தீர்ந்துபோச்சு, கடைக்குப் போயிட்டு வா" என்றாள் ஜெனீவா.

மச்சான், ஒன்று கேட்கிறேன். நீயும் உன் தங்கச்சியும் ஏன் இப்படி இருக்கிறீர்கள்? உங்கள் அம்மாவை அடக்கம் செய்த அன்று ஆர்கன்சாவில் குழிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நீ. இரண்டு பேரும் ரயில் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். உன்னை அணி விட்டுவிட்ட கோபம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்மேல் வருத்தமில்லை என்கிறாய். அப்படியானால் யார்மேல்?

அன்புடன்,
வார்டெல்


டகோமா,
28 ஏப்ரல் 1991

மாப்பிள்ளைக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல். பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடச் சொல்லி மேவிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பா செத்த பிறகு ஜெனீவாவை ஆர்கன்சாவிலிருந்து கூட்டிவந்தவன் நான். அணி மேலாளரிடம் கெஞ்சி அந்தப் பேக்கரியில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். உன்னை வீட்டுக்கு அழைத்துவந்து கோழியும் சோள ரொட்டியும் போட்டு அவள் எதிரே உட்கார வைத்தவனும் நான்தான். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இது. அணியை விட்டுப் போகச் சொன்ன அன்று மத்தியானம், பத்திரிகையில் வருவதற்கு முன் அவளிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று பேக்கரிக்குப் போனேன். வண்டிகளில் ரொட்டி ஏற்றுகிற பின்வாசல் திறந்திருந்தது. உள்ளே ரொட்டி நகர்ந்து வருகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் அவள். அவள் முதுகுக்குப் பின்னால் மேஸ்திரி கெஸ்லர். தட்டில் அடுக்கியிருந்த கார்டுகளிலிருந்து என்னை மட்டும் பொறுக்கி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னாலேயே செய்தி அங்கே போய்விட்டது. என்னைக் கழித்துக் கட்டுகிற வேலையை என் தங்கச்சிக்கே கொடுத்திருந்தார்கள். பிறகு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உலை அறைப் பக்கம் நடந்தாள்.

நடக்கும்போது என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்பதில் சந்தேகமே இல்லை. நிற்கவில்லை.

வேலையை உதறிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்போது அவள் வயிற்றில் உன் மகள். எல்லாம் புரிகிறது. ஒரு நொடி நின்றிருக்கலாம். அவ்வளவுதான். அந்த வாரமே ரயில் ஏறிவிட்டேன்.

இதை அவளிடம் படித்துக் காட்டாதே. உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லிவிட்டேன்.

ஹோசியா


டோலிடோ,
19 மே 1991

அன்புள்ள மச்சானுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகம். மேவிஸின் முட்டிவலி எப்படி? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. புல்வெட்டி பழுதாகி, மூன்று தடவை பிரித்துப் பூட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு திருகாணி மிஞ்சுகிறது. சபையில் புதுக் கம்பளம் சிவப்பா நீலமா என்று டீக்கன்களுக்குள் சண்டை. நான் நீலம். ஜெனீவா தோட்டத்தில் தக்காளி நட்டிருக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்தேன். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. நீ செப்டம்பரில் வா. முடிந்தால் அதற்கு முன்னாலேயே வா. ஜெனீவாவுக்கு உன்னிடம் பேச வேண்டுமாம்.

அன்புடன்,
வார்டெல்


டகோமா,
9 ஜூன் 1991

வார்டெலுக்கு,

நாங்கள் சுகம்.

இருபத்தோரு வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்கு எழுதினேன். நீ புல்வெட்டியைப் பற்றிப் பதில் எழுதியிருக்கிறாய். அவள் பக்கம் நில், அதுதான் முறை, நீ அவள் புருஷன். ஆனால் "படித்தேன், மச்சான், கஷ்டமாக இருந்தது" என்று ஒரு வரி எழுதினால் உன் கை ஒடிந்துவிடுமா?

அவளுக்குப் பேச வேண்டுமென்றால் அவளுக்கு எழுதத் தெரியும். எங்கள் அம்மா அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பியது அதற்காகத்தான்.

செப்டம்பரில் எனக்கு வேலை இருக்கிறது.

ஹோசியா


டோலிடோ,
21 ஜூலை 1991

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் மேவிஸும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் கோபம் நியாயம். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் எழுதக்கூடாது. ஒருத்தரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த ஒருத்தர் யார் என்று உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வாக்கைத் திரும்பக் கொடு என்று ஜெனீவாவிடம் இந்த மாதம் எத்தனை தடவை கேட்டுவிட்டேன். "நீ உன் சோலியைப் பாரு" என்கிறாள்.

கீழ் அறையை உனக்காக ஒழித்துவைத்திருக்கிறாள். உன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று நீளமான கட்டில் வாங்க வைத்தாள். ஜன்னலுக்குத் திரை தைக்கிறேன் என்று உட்கார்ந்தவள் பாதியில் வைத்துவிட்டாள், வலது கை மரத்துப்போகிறதாம். டாக்டரிடம் வா என்றால், தக்காளி பறித்து முடியட்டும் என்கிறாள். உனக்குத்தான் தெரியுமே, உங்கள் குடும்பத்துப் பிடிவாதம்.

ஒடெஸா ப்ரூயிட் உன் கார்டைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். கார்லா கேட்டும் விற்கவில்லை. "ஹோசியா வந்தாக் கையெழுத்து வாங்கணும்" என்கிறாளாம். உன்னை எதிர்பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் மச்சான். இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதியில்லை. தயவுசெய்து வா.

அன்புடன்,
வார்டெல்


டோலிடோ,
18 ஆகஸ்ட் 1991

மச்சான் ஹோசியாவுக்கு,

என் போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. மேவிஸிடம் ஃபோனில் சொன்னதை அவள் உனக்கு எழுதிக் காட்டியிருப்பாள். புதன்கிழமை காலை ஜெனீவா தக்காளிச் செடிகளுக்கு நடுவில் விழுந்துவிட்டாள். பக்கவாதம். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு போய்விட்டது. கண்ணால் எல்லாம் புரிந்துகொள்கிறாள். வாயைத் திறக்கிறாள், ஒன்றும் வரவில்லை. பேச்சு திரும்புமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

அதனால் இனி வாக்கு ஒன்றும் இல்லை. சொல்லிவிடுகிறேன்.

உன் ஏப்ரல் கடிதத்தைக் கார் ஷெட்டில் நின்றுகொண்டு படித்தேன். உள்ளே வந்து, உன் கடிதத்தைப் பற்றி மூச்சுவிடாமல், கார்லா கேட்டதையே அவளிடம் திரும்பக் கேட்டேன். நிறுத்திய கார்டு ஈஸ்டருக்கு எப்படி வந்தது? என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு அவன் வந்து நின்னதைப் பார்த்தேன். தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு நின்னான். எனக்குப் பின்னாடியே கெஸ்லர். நான் நின்னா கெஸ்லர் என்னன்னு திரும்பிப் பார்ப்பான். என்னைச் சரியாப் பார்த்தான்னா, ஏப்ரனுக்குள்ள இருக்கறதைக் கண்டுபிடிச்சிருவான். பெட்டியில மேலாக்கத்தான் கொஞ்சம் கார்டு, அடியில வெறும் காகிதம். மத்ததெல்லாம் என் மேலதான் இருந்துது. வயித்துப் பிள்ளையோட பிள்ளையா அதையும் சுமந்துக்கிட்டு நடந்தேன். நிக்க முடியல."

ஏப்ரனுக்குள் ஒளித்த அந்தக் கார்டுகளை அவள் எரிக்கவே இல்லை மச்சான். கெஸ்லர் சாப்பிடப் போகிற நேரத்தில் டோர் தெரு வண்டிக்கான ரொட்டி கட்டுவார்களாம். அதில் ஒவ்வொன்றாக நுழைத்திருக்கிறாள். ஈஸ்டர் தாண்டும் வரைக்கும். "கம்பெனிக்கு வேண்டாம்னா போகட்டும். நம்ம தெருவுல ரொட்டி திங்கறவங்க எங்கண்ணன் முகத்தை வச்சிருக்கட்டும்" என்றாள். கார்லா தேடி அலைகிற கார்டு இருக்கிறதென்றால் அது உன் தங்கச்சி போட்டது.

ஏன் இதை அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "மறுநாள் சொல்லத்தான் அவன் ரூமுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கிட்டு இருந்தான். ஏன்டி அப்படிச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். 'ரயில் எட்டு மணிக்கு'ன்னான். எனக்கும் வீம்பு வந்துடுச்சு. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் சொல்றது கஷ்டமாயிட்டே போச்சு."

அப்படியானால் நான் எழுதிவிடுகிறேன் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எழுதாதே. காகிதத்துல படிக்கக் கூடாது அவன். எதிர்ல உக்காரட்டும். காது கேக்காட்டி என்ன, என் வாயைப் பார்க்கட்டும். நானே சொல்றேன்" என்றாள். அதனால்தான் உனக்குப் புல்வெட்டியைப் பற்றி எழுதினேன்.

நான் வாக்கைக் காப்பாற்றினேன். அதனால் யாருக்கு என்ன நன்மை வந்தது என்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். மே மாதமே எழுதியிருந்தால் நீ ஜூனில் வந்திருப்பாய். அவள் ஒருநாள் திட்டியிருப்பாள். அவ்வளவுதானே நடந்திருக்கும்.

வார்டெல்


டகோமா,
24 ஆகஸ்ட் 1991

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. எனக்கு முன்னால் மேவிஸ் படித்துவிட்டாள். நான் படித்து முடிப்பதற்குள் பெட்டியில் பாதித் துணியை அடுக்கிவிட்டாள். துறைமுகத்தில் விடுப்பு கேட்டிருக்கிறேன். மாற்று ஆள் வந்ததும் கிளம்புகிறேன். அடுத்த மாத நடுவில் அங்கே இருப்பேன்.

ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் எழுதாமல் இருந்தேன். உன் கெஞ்சலைப் படித்துக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டேன். கெஞ்சட்டும் என்று. இதை உன்னிடம் சொல்லாமல் உன் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

நான் வருகிறேன் என்று அவளிடம் சொல். அவளால் பேச முடியாது, என்னால் கேட்க முடியாது. நல்ல ஜோடிதான் நாங்கள். முன்பே பேசித் தொலைத்திருக்க வேண்டும்.

ஹோசியா


டகோமா,
29 செப்டம்பர் 1991

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நல்லபடியாக வந்துசேர்ந்தேன். மேவிஸ் சுகம். ஜெனீவா எப்படி இருக்கிறாள்? கையில் பயிற்சி கொடுக்க நர்ஸ் வருகிறாளா? நீ சரியாகச் சாப்பிடு. உன் சமையலைப் பத்து நாள் சாப்பிட்டவன் சொல்கிறேன், பக்கத்து வீட்டில் கொடுத்தால் வாங்கிக்கொள்.

நூலகத்தில் நீ கூட்டத்துக்குப் பின்னால் ஜெனீவாவின் சக்கர நாற்காலியோடு நின்றாய். முன்னால் எனக்கு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கண்ணாடிப் பெட்டியில் நான் எனக்கே அந்நியனாக இருந்தேன். தலைநிறைய முடியோடு யாரோ ஒரு பையன், உலகம் தனக்காகக் காத்திருக்கிறது என்கிற மாதிரி சிரிப்பு. டோர் தெருக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தர் கார்டில் காப்பிக் கறை. இன்னொன்றின் மூலையில் குழந்தை கடித்த பல் தடம். ஒடெஸா ப்ரூயிட் பைபிளைத் திறந்து நீட்டினாள். நான் வாயைப் பார்க்கிறேன் என்று தெரிந்து மெதுவாகப் பேசினாள். "உன்னை வெளிய அனுப்பினாங்கன்னு தெரியும். அப்பறம் என் ரொட்டிக்குள்ள நீ வந்தே. பய போகலை, இங்கதான் இருக்கான்னு என் புருஷன்கிட்ட சொன்னேன்." எனக்குக் கையெழுத்தே சரியாக வரவில்லை. இருபத்தோரு வருஷம் அந்தத் தெருவில் நான் இருந்திருக்கிறேன், மாப்பிள்ளை. எனக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். உன்னிடம் நேரில் சொல்லவில்லை. கொஞ்ச நாளாவது எனக்கென்று வைத்துக்கொள்ளத் தோன்றியது.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். நானும் அவளும் மட்டும். அதுவரை அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. தைரியமில்லை. அன்றைக்குச் சொன்னேன். "எனக்குத் தெரியும்மா. வார்டெல் எழுதிட்டான்" என்றேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. இடது கையால் போர்வையைக் குத்தினாள். அவள் சொல்ல வேண்டியதை நாம் இருவரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டோம் என்கிற கோபம். "நான் அன்னிக்கு உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காமப் போயிட்டேன். தப்பு என்னோடதுதான்" என்றேன். அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போது அவள் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வாயைப் பார் என்கிற மாதிரி. ரொம்பக் கஷ்டப்பட்டு உதட்டைக் குவித்து ஒரு வார்த்தை சொன்னாள். விழுந்த பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. "நேத்து." நான் புரியாமல் பார்த்தேன். மறுபடி, "நேத்து." என் காதில்கூடக் கொஞ்சம் விழுந்தது.

அதெல்லாம் நேற்றோடு போயிற்று, விடு என்றாளா? இல்லை, எனக்கு அது இன்னும் நேற்று நடந்தது மாதிரி இருக்கிறது என்றாளா? ரயிலில் மலையும் வயலும் போய்க்கொண்டிருந்தன, நான் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒரு மைலுக்கு மன்னித்துவிட்டாள் என்று தோன்றும், அடுத்த மைலுக்கு இல்லை என்று தோன்றும். நீ அவளோடு இருக்கிறாய். அவள் முகம் உனக்குத்தான் படிக்கத் தெரியும். எது என்று எனக்கு எழுது.

அவளுக்கு என் அன்பு.

ஹோசியா


டோலிடோ,
13 அக்டோபர் 1991

அன்புள்ள மச்சானுக்கு,

கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறோம். ஜெனீவா நேற்று பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தாள். பக்கத்து வீட்டில் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது. "மன்னித்துவிட்டாள், அதுதான் அர்த்தம்" என்று எழுதிவிடலாம் என்று பேனாவைக்கூடத் திறந்தேன். நீ சந்தோஷப்பட்டிருப்பாய். ஆனால் இந்த வருஷம் உன்னிடம் ஒரு தடவை மறைத்து நடந்தது போதும்.

நீ ரயில் ஏறின மறுநாள் காலையில் நர்ஸிடம் "நேத்து" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சு வந்துவிட்டது என்று டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார், சிலருக்கு இப்படி ஆகுமாம். மூளை எங்கிருந்தோ ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும், எல்லாவற்றுக்கும் அதையே சொல்லும். தண்ணீர் வேண்டுமென்றால் "நேத்து." குளிர்ந்தால் "நேத்து." என் கஞ்சியில் உப்பு குறைந்தால் கோபமாக "நேத்து." தபால்காரனிடமும் அதேதான். அன்றைக்கு உன்னிடம் அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது மச்சான். வேறு வார்த்தை வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். வந்தால் கேட்டு எழுதுகிறேன். வராவிட்டால் நமக்கு அது தெரியாமலே போகும். அதோடுதான் நாம் இரண்டு பேரும் இருக்க வேண்டும்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன். நீ இருந்த நாட்களில் சமையலறை நாற்காலி ஒன்றை எடுத்துவந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே. நீ போனதும் அதை எடுத்துப் பழையபடி சமையலறையில் வைத்தேன். கட்டில் கம்பியை இடது கையால் தட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம். போர்வையை இழுத்துவிட்டேன், வேண்டாம். தட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் நாற்காலியைக் கொண்டுவந்து இருந்த இடத்தில் வைத்தேன். நிறுத்தினாள்.

அப்போது மட்டும் அவள் "நேத்து" என்று சொல்லவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

நர்ஸ் அதில் துண்டைப் போட்டால்கூட விடுவதில்லை. காலியாகத்தான் இருக்க வேண்டுமாம். எனக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கிறது, நடக்கும்போது முழங்காலில் இடிக்கிறது. ஆனால் எடுக்கவில்லை.

குளிர் அதிகமாவதற்குள் இன்னொரு தடவை வந்துவிட்டுப் போ. மேவிஸையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை வார்டெல்